பாறை ஏறணுமா? குங்ஃபூ வாத்தியாரைக் கேளுங்க!

சண்டே லீவு விட்டா ஊதியூர் மலைப் பக்கம் பைக்கை விரட்டுற ஆளா நீங்க? பாறையைப் பார்த்ததும் கை பரபரக்குதா? ஒரு நிமிஷம் பாஸ்!

பாறை ஏறுவது இப்போ வெறும் சாகசம் இல்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்போர்ட் கிளைம்பிங் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. தமிழ்நாட்டில் பிறந்த ஜோதிராஜ், சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறே இல்லாமல் ஏறி 'கோத்தி ராஜ்' என்று பேர் வாங்கியவர். கன்னடத்தில் கோத்தி என்றால் குரங்கு. (அவரைப் பார்த்து நீங்களும் கயிறில்லாம இறங்கிடாதீங்க!)

விரல்தான் வீக் பாயின்ட்

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கு. அங்கிருந்து வரும் தசைநாரை, பேன்ட் லூப் பெல்ட்டைப் பிடிக்கிற மாதிரி, குட்டி வளையங்கள் எலும்போடு பிடிச்சு வைக்குது. அவசரப்பட்டுத் தொங்கினால் அறுவது இந்த 'லூப்'தான்! தசை சில வாரத்தில் பலமாகும். நாருக்கு மாசக்கணக்கில் ஆகும்.

குங்ஃபூவில் இதற்கே ஒரு நூல் உண்டு. 'யீ ஜின் ஜிங்'. அர்த்தமே 'தசைநாரை மாற்றும் நூல்'தான். நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர் எழுதியது என்பாங்க. ஆய்வாளர்களோ 17-ம் நூற்றாண்டு நூல் என்கிறார்கள். பாடம் என்னவோ சிம்பிள்: மெதுவா, மூச்சோடு, தினமும்.

காலை நம்புங்க!

'மா பூ' என்னும் குதிரை நிலையில் தாழ்ந்து நின்று பழகுங்க. தொடை எடையைத் தாங்கினால் விரல் தப்பிக்கும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை நிதானமா மாற்ற 'தாய் ச்சி' கைகொடுக்கும். சிலம்பம் தெரியுமா? மணிக்கட்டுக்கு அதுவே வார்ம்-அப்.

தைலம் எதுவரை?

நம்மூர் வர்ம ஆசான் மாதிரியே, சீனாவிலும் சண்டை சொல்லித் தந்த வாத்தியாரே அடிபட்டால் வைத்தியமும் பார்ப்பார். அதன் பேர் 'தியே தா'. மூலிகையை மதுவில் ஊறவைத்துத் தேய்ப்பாங்க. சில கலவைகளில் விஷ மூலிகையும் உண்டு. குடிக்கவே கூடாது, திறந்த காயத்தில் படவும் கூடாது.

விரலில் 'டப்'னு சத்தம் கேட்டு வீங்கினால், தேய்க்காமல் நேரா எலும்பு டாக்டரிடம் போங்க. அறுந்த வளையத்தை எந்தத் தைலமும் ஒட்டவைக்காது.

கட்டிங், ஓவர்லாக், செக்கிங்... திருப்பூரில் சோறு போடுறதே இந்தப் பத்து விரல்தான். பாறை எங்கேயும் ஓடிடாது ஃப்ரெண்ட்ஸ், விரலைப் பத்திரமா பாருங்க!