சாணக் கரைசலில் மின்சாரம்: பிளாட்டினத்தின் இடத்தில் சிரட்டைக் கரி

சாணத்திலிருந்து எரிவாயு எடுப்பது விவசாயிகள் அறிந்ததே. அதே சாணக் கரைசலிலிருந்து நேரடியாக மின்சாரமும் எடுக்கலாம். இதற்கு நுண்ணுயிர் மின்கலம் என்று பெயர். நுண்ணுயிர்கள் மின்சாரம் தருவதை 1911ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். ஆயினும் இம்முறை இன்னும் மாட்டுத் தொழுவத்தை எட்டவில்லை. அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று விலை.

செயல்படும் விதம்

இக்கலத்தில் இரண்டு தகடுகள் உண்டு. ஒன்று காற்றுப் புகாத கரைசலுக்குள் மூழ்கியிருக்கும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எலக்ட்ரான்களை இத்தகட்டில் விடுகின்றன. அவை கம்பி வழியாக மற்றொரு தகட்டுக்குச் செல்வதே மின்சாரம். இரண்டாவது தகட்டின் ஒரு பக்கம் கரைசலையும் மறுபக்கம் காற்றையும் தொட்டிருக்கும். இங்கு காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று நீராகிறது. இவ்வினை மிக மெதுவாக நடப்பதால், விரைவுபடுத்த ஒரு வினையூக்கி தேவை. ஆராய்ச்சிக் கூடங்களில் இதற்குப் பிளாட்டினம் பயன்பட்டது. ஒரு கிராமே பல ஆயிரம் ரூபாய். கழிவு நீரில் உண்டாகும் கந்தகப் பொருள்களால் அது விரைவில் கெட்டும் விடும்.

கரியின் சிறப்பு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2009இல் பிளாட்டினத்திற்குப் பதிலாக உலோக வலையில் கிளர்வூட்டிய கரியைப் பூசிச் சோதித்தனர். பிளாட்டினத் தகடு சதுர மீட்டருக்கு 1,060 மில்லிவாட் தந்தது; கரித் தகடு 1,220 மில்லிவாட் தந்தது. கரியிலுள்ள எண்ணற்ற நுண்துளைகளே இதற்குக் காரணம். டார்ச் செல்லுக்குள் இருக்கும் கறுப்புத் தூளான மாங்கனீஸ் டை ஆக்சைடும் இதற்கு உதவும்.

தேங்காய்ச் சிரட்டை இக்கரிக்கு ஏற்ற மூலப்பொருள். ஆனால் அடுப்புக்கரி போதாது. சிரட்டைக் கரியை 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திக் கிளர்வூட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஓடும்போது உப்பும் பாசமும் படிந்து துளைகள் அடைபடும். நீர்த்த அமிலத்தால் கழுவினால் ஓரளவு சீராகும்.

இன்றைக்குப் பலன் என்ன?

இந்த ஆய்வுக்கூடக் கணக்கிலேயே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட்தான் கிடைத்தது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய ஏறத்தாழ ஒன்பது சதுர மீட்டர் தகடு வேண்டும். தொழுவத்தில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே பம்பு செட் ஓடும் என்று யாரேனும் கூறினால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

நாள்தோறும் 50 கிலோ சாணம் கிடைப்போருக்கு 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனே இன்று சிறந்தது. சிறு குடும்பத்தின் சமையல் முடியும். கழிவு வயலுக்கு உரமாகும். தென்னை வைத்திருப்போர் சிரட்டைகளை வீணாக எரித்துவிடாமல் உலர்த்திச் சேர்த்து, கரி தயாரிப்போரிடம் விற்கலாம். மின்கலம் வரும்வரை காத்திராமல் இப்போதே கைக்கு வரும் வருமானம் இது.