கொரோனா வராத ஊருக்கும் பசி வந்தது! ஓசூர் எல்லையில் அந்த ஊரடங்கு நாள்கள்

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழகத்தில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனால், தொற்று இல்லை என்பதற்காக அடுப்பு எரிந்துவிடவில்லை.

பிரச்னை மார்ச் 24 இரவு 8 மணிக்கே தொடங்கிவிட்டது. ஓசூர் சிப்காட்டில் பெரிய ஆலைகளை நம்பி சின்னச் சின்னப் பட்டறைகள். அவற்றை நம்பி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள். நாள் கூலி, ஒப்பந்த வேலை. மெஷின் நின்றால் சம்பளமும் நின்றுவிடும். அத்திப்பள்ளி எல்லை மூடப்பட்டதால், அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வந்த உள்ளூர்க்காரர்களும் முடங்கினார்கள்.

அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தந்தது தமிழக அரசு. கார்டு இருந்தவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். வடக்கிலிருந்து வந்தவரின் கார்டு சொந்த ஊரில் அல்லவா இருந்தது! வெளிமாநிலக் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று தனி அறிவிப்பும் வந்தது. யார் எந்த லைன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

அந்த இடைவெளியைத்தான் தமிழகமெங்கும் அம்மா உணவகங்களும், சாம்பார் சாதப் பொட்டலங்களோடு கிளம்பிய தன்னார்வலர்களும் நிரப்பினார்கள். (சப்பாத்திக்குப் பழகிய வயிற்றுக்கு மூன்று வேளையும் சோறு என்பது தனிக்கதை.) அதிலும் ஒரு தடை. கட்சிகளும் அமைப்புகளும் மக்களுக்கு நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று ஏப்ரல் 12-ல் அரசு அறிவிக்க, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று சில நாள்களிலேயே வழி பிறந்தது.

இத்தனைக்கும் இது காய்கறி விளையும் பூமி. வாங்க ஆளில்லாமல் ஓசூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரோஜாவும் காய்கறியும் வீணாகிக்கொண்டிருந்தபோது, சில கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பொட்டலத்துக்காக வரிசையில் நின்றார். விளைச்சல் இருந்தது, கார்டுதான் இல்லை.

அந்த வருடம் அக்டோபர் 1-ம் தேதி 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. பீகார் கார்டு வைத்திருப்பவர் ஓசூர் ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து அரிசி வாங்கலாம். முழுவதையும் இங்கேயே வாங்க வேண்டியதில்லை. தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், மிச்சத்தை ஊரிலிருக்கும் மனைவி அங்கே வாங்கிக்கொள்வார்.