சரக்கு இரயிலும் வீடிழந்த தொழிலாளியும்: அமெரிக்க ‘ஹோபோ’ வாழ்வு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

அமெரிக்க இலக்கியத்திலும் திரைப்படத்திலும் மீண்டும் மீண்டும் தோன்றும் ஓர் உருவம் உண்டு. கையில் ஒரு சிறு மூட்டையுடன், நகரும் சரக்கு இரயிலில் தாவி ஏறி, பயணச் சீட்டின்றி ஊர் ஊராகச் செல்லும் மனிதனின் உருவமே அது. கட்டுப்பாடற்ற விடுதலையின் குறியீடாகவே இவ்வுருவம் பெரும்பாலும் சித்திரிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும், வரலாற்றுச் சான்றுகளை நோக்குங்கால், அப்பயணத்தைப் பலர் மேற்கொண்டது விருப்பத்தினால் அன்று. வேலையும் வீடும் இழந்ததனால் என்பது புலனாகிறது.

வீடிழந்தோர் சரக்கு இரயிலை நாடியது ஏன், அப்பயணம் எவ்வாறு நிகழ்ந்தது, அரசும் சட்டமும் அவர்களை எவ்வாறு நோக்கின என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏறத்தாழ 1870ஆம் ஆண்டு முதல் 1941ஆம் ஆண்டு வரையிலான காலம் இதன் முதன்மை எல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஒரே மனிதன் தொழிலாளி என்று அழைக்கப்படும்போது ஒரு விதமாகவும், திரிபவன் என்று அழைக்கப்படும்போது வேறொரு விதமாகவும் நடத்தப்பட்டான் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

1. சொல்லும் பொருளும்

சரக்கு இரயிலில் பயணம் செய்தோர் தம்மை மூன்று வகையினராகப் பகுத்துக் கொண்டனர். வேலை தேடி அலைபவன் ‘ஹோபோ’. அலைபவனாயினும் வேலை செய்ய விரும்பாதவன் ‘டிராம்ப்’. அலையவும் செய்யாமல், உழைக்கவும் செய்யாமல் ஓரிடத்தில் கிடப்பவன் ‘பம்’. ‘ஹோபோ’ என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வழக்கிற்கு வந்தது. அதன் சொற்பிறப்பு குறித்துப் பல கருத்துகள் கூறப்பட்டாலும் எதுவும் உறுதிப்படவில்லை.

இப்பகுப்பு வெறும் சொல் விளையாட்டன்று. தம் உழைப்பை முன்னிறுத்தி மதிப்பைக் காத்துக்கொள்ள அம்மக்கள் மேற்கொண்ட முயற்சி அது. சட்டமோ இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. கையில் காசும் தங்க இடமும் இல்லாத எவரும் அதன் பார்வையில் ‘டிராம்ப்’ ஆகவே கருதப்பட்டனர்.

2. பின்புலம்

1869ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றது. 1870ஆம் ஆண்டில் ஏறத்தாழ 53,000 மைலாக இருந்த இருப்புப்பாதையின் நீளம், 1916ஆம் ஆண்டில் ஏறத்தாழ 254,000 மைலாகப் பெருகியது. பாதையை அமைப்பதற்கும், மரம் வெட்டுவதற்கும், சுரங்கம் தோண்டுவதற்கும், கோதுமை அறுப்பதற்கும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. இவ்வேலைகள் அனைத்தும் குறுகிய காலத்திற்கு உரியவை. ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் அமைந்தவை. கோதுமை அறுவடை, கோடையின் தொடக்கத்தில் டெக்சாஸ், ஒக்லஹோமா மாநிலங்களில் தொடங்கி, கேன்சஸ், நெப்ராஸ்கா வழியாக வடக்கே டக்கோட்டா மாநிலங்கள் வரை நகர்ந்து செல்லும். அதனுடன் தொழிலாளரும் நகர வேண்டியிருந்தது. பயணச் சீட்டுக்குப் பணம் செலுத்தினால், ஈட்டும் கூலியின் பெரும் பகுதி அதற்கே போய்விடும். ஆகவே, அறுத்த தானியத்தை ஏற்றிச் செல்லும் இரயிலே அறுப்பவனையும் சுமந்து சென்றது.

இத்தகைய பருவகால வேலை ஒரு காரணமெனில், பொருளாதார வீழ்ச்சி மற்றொரு காரணமாகும். 1873ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைத் தொடர்ந்து வேலையிழந்தோர் பெருந்திரளாகச் சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் காணப்பட்டனர். 1893ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் இந்நிலை மேலும் கடுமையாயிற்று. 1894ஆம் ஆண்டில் ஜேக்கப் காக்சியின் தலைமையில் வேலையற்றோர் ஒஹாயோ மாநிலத்திலிருந்து வாஷிங்டனுக்கு நடைப்பயணம் மேற்கொண்டு, அரசே வேலை வழங்க வேண்டும் எனக் கோரினர். அவர்களுடன் இணைய மேற்கிலிருந்து புறப்பட்ட குழுக்களுள் சில, இரயில்களையே கைப்பற்றின.

எழுத்தாளர் ஜாக் லண்டன் 18 வயது இளைஞராக இப்பயணத்தின் ஒரு பகுதியில் பங்கேற்றார். அதே ஆண்டில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ‘திரிந்தமைக்காக’க் கைது செய்யப்பட்டு, 30 நாள் சிறைத்தண்டனை பெற்றார். தம் தரப்பை எடுத்துரைக்கும் வாய்ப்பே தமக்குத் தரப்படவில்லை என்பதை, 1907ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ரோடு’ என்னும் நூலில் அவர் பதிவு செய்துள்ளார்.

3. பயணத்தின் நடைமுறை

நீராவி இயந்திரங்கள் நீருக்கும் நிலக்கரிக்கும் அடிக்கடி நிற்க வேண்டியிருந்தன. இரயில் நிலையத்தை விட்டு மெல்ல நகரத் தொடங்கும் வேளையிலோ, ஏற்றத்தில் வேகம் குறையும் இடத்திலோ பயணிகள் தாவி ஏறினர். கதவு திறந்திருந்த மூடுபெட்டிகள் ஓரளவு வசதியானவை. அவை கிடைக்காதபோது கூரையின் மேலும், பெட்டிகளுக்கு இடையிலும், பழைய மரப்பெட்டிகளின் அடியில் செல்லும் தாங்குகம்பிகளின் மீதும் பயணம் செய்தனர். பிடி தவறினால் சக்கரத்தின் அடியில் கை கால்களை இழக்க நேரிடும். பெட்டியில் அடுக்கப்பட்ட மரமோ இரும்போ சரிந்தால் உள்ளே இருப்பவர் நசுங்குவர். வெளியே தாழிடப்பட்ட பெட்டிக்குள் சிக்கி உயிர் துறந்தோரும் உண்டு. இவற்றிற்கு மேலாக, இரயில் நிறுவனங்களின் தனிக் காவலர்கள் தடியுடன் காத்திருந்தனர். இரயில் பணியாளருள் சிலர் கையூட்டுப் பெற்றுக்கொண்டு பயணத்தை அனுமதித்தனர்.

இரயில் சந்திப்புகளின் அருகே, நீர்நிலையும் விறகும் கிடைக்கும் இடங்களில் இவர்கள் கூடித் தங்கினர். இத்தங்குமிடங்களுக்கு ‘ஜங்கிள்’ என்று பெயர். இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற இச்சொல், அமெரிக்க இருப்புப்பாதையோரத்தில் வீடற்றவனின் வீட்டைக் குறித்தது என்பது மொழியியல் நோக்கில் சிந்திக்கத்தக்கது. இங்கு எழுதப்படாத விதிகள் சில நிலவின. சமைத்த பாத்திரத்தைக் கழுவாமல் விட்டுச் செல்வது, உணவை வீணாக்குவது, காவலர் சோதனைக்கு வரக்கூடிய இடத்தில் இரவில் தீ மூட்டுவது ஆகியவை குற்றங்களாகக் கருதப்பட்டன.

இவ்விதிகளை முறையாகப் பதிவு செய்தவர் சமூகவியலாளர் நெல்ஸ் ஆண்டர்சன் ஆவார். இளமையில் தாமே சரக்கு இரயில்களில் பயணம் செய்து உழைத்த அவர், பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1923ஆம் ஆண்டில் ‘தி ஹோபோ’ என்னும் ஆய்வு நூலை வெளியிட்டார். நாட்டின் இருப்புப்பாதைகள் பலவும் சந்திக்கும் சிகாகோவில், நல்ல காலத்தில் 30,000 பேரும் நெருக்கடிக் காலத்தில் 75,000 பேரும் வீடற்றோராக வாழ்ந்தனர் என அவர் மதிப்பிட்டார். அந்நகரின் மேற்கு மேடிசன் தெருவில் மலிவு விடுதிகளும் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களும் நிறைந்திருந்தன. அத்தெரு ஓர் ஒதுக்குப்புறம் அன்று. அது ஒரு தொழிலாளர் சந்தை. இதுவே ஆண்டர்சன் ஆய்வின் இன்றியமையாப் பயனாகும்.

4. பெருமந்தக் காலம்

1920களில் கோதுமை வயல்களில் அறுவடை இயந்திரங்கள் பரவியதால் பருவகாலத் தொழிலாளரின் தேவை குறையத் தொடங்கியது. 1929ஆம் ஆண்டில் பெருமந்தம் தொடங்கியபோது, சரக்கு இரயிலை நாடியோரின் இயல்பே மாறியது. முன்னர்ப் பெரும்பாலும் தனி ஆடவர் பயணம் செய்த இடத்தில், குடும்பங்களும் பெண்களும் சிறுவரும் காணப்பட்டனர். மிசூரி பசிபிக் இரயில் நிறுவனம் தன் இரயில்களில் 1929ஆம் ஆண்டில் 13,745 சீட்டிலாப் பயணிகளைக் கணக்கிட்டது. 1931ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 186,028 ஆக உயர்ந்தது. பெருமந்தக் காலத்தில் ஏறத்தாழ 250,000 இளையோர் வீட்டை விட்டு வெளியேறி அலைந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடாகும். மினசோட்டாவைச் சேர்ந்த சமூகவியலாளர் டாமஸ் மினிஹன், மாறுவேடத்தில் இவ்விளையோருடன் பயணம் செய்து, 1934ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார்.

இவ்விடத்தில் இனவேற்றுமையையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். 1931ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவிலிருந்து புறப்பட்ட சரக்கு இரயிலில் வெள்ளையர் இளைஞருக்கும் கறுப்பின இளைஞருக்கும் இடையே கைகலப்பு மூண்டது. அலபாமா மாநிலத்தில் இரயில் நிறுத்தப்பட்டு, கறுப்பினத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் மிக இளையவரின் வயது 13. அதே இரயிலில் வந்த இரு வெள்ளையினப் பெண்களை வன்புணர்ந்ததாக அவர்கள் மீது பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. ஸ்காட்ஸ்பரோ நகரில் நடைபெற்ற அவசர விசாரணையில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரண தண்டனைக்குரிய வழக்குகளில் முறையான வழக்கறிஞர் உதவி வழங்கப்பட வேண்டும் என்னும் 1932ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இவ்வழக்கிலிருந்தே பிறந்தது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை எனினும், அவ்விளைஞர்கள் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தனர். எஞ்சியிருந்த மூவருக்கு அலபாமா மாநிலம் 2013ஆம் ஆண்டில்தான், அவர்களின் மறைவுக்குப் பின், மன்னிப்பு வழங்கியது.

5. சட்டத்தின் பார்வை

1876ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலம் ‘டிராம்ப்’ சட்டம் ஒன்றை இயற்றியது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. ஒருவன் என்ன செய்தான் என்பதற்காக அன்றி, எந்நிலையில் இருக்கிறான் என்பதற்காகவே இச்சட்டங்கள் அவனைத் தண்டித்தன. ஆயினும், இவை எப்போதும் ஒரே வகையாகச் செயற்படவில்லை. அறுவடைக்கு ஆள் தேவைப்பட்ட மாதங்களில் இரயில் நிறுவனங்களும் ஊர்க் காவலரும் சீட்டிலாப் பயணத்தைக் கண்டும் காணாதது போல் இருந்தது உண்டு. அறுவடை முடிந்ததும் அதே பயணம் குற்றமாயிற்று. அதே மனிதன் ஊரை விட்டுத் துரத்தப்பட்டான்.

உதவித்தொகை முறையும் இவர்களுக்கு எதிராகவே அமைந்திருந்தது. இங்கிலாந்தின் பழைய வறியோர் சட்ட மரபையொட்டி, ஓரிடத்தில் குறிப்பிட்ட காலம் நிலையாக வாழ்ந்தவருக்கே அவ்விடத்தில் உதவி கிடைக்கும். வேலை தேடிப் புறப்பட்டவன் சொந்த ஊரில் உரிமையை இழந்தான். சென்ற ஊரிலோ உரிமை பெறவில்லை. அசையாதிருந்தால் பட்டினி, அசைந்தால் அயலான் என்னும் இந்நிலையே பலரை இரயிலிலேயே நிறுத்தி வைத்தது. இச்சிக்கலை உணர்ந்த கூட்டரசு, 1933ஆம் ஆண்டில் இடம்பெயர்வோருக்கான தனி உதவித் திட்டத்தைத் தொடங்கியது; ஆயினும் 1935ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறை, தன் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்ட கலிபோர்னியா மாநில எல்லைகளுக்கு 136 காவலரை அனுப்பி, வறியோர் உள்ளே நுழைவதைத் தடுத்தது.

இப்போக்கிற்கு 1941ஆம் ஆண்டில் ஒரு தடை விழுந்தது. டெக்சாசிலிருந்து வேலையற்ற உறவினரைக் கலிபோர்னியாவிற்கு அழைத்து வந்தமைக்காக எட்வர்ட்ஸ் என்பவர் தண்டிக்கப்பட்டிருந்தார். வறுமையைக் காரணம் காட்டி ஒரு மாநிலம் தன் கதவை அடைக்க இயலாது என உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1972ஆம் ஆண்டில், ஜாக்சன்வில் நகரின் திரிவோர் தடைச் சட்டம் தெளிவற்றது எனக் கூறி அதே நீதிமன்றம் அதனை நீக்கியது.

6. மறைவும் எச்சமும்

இரண்டாம் உலகப் போர் வேலைவாய்ப்பைப் பெருக்கியது. போருக்குப் பின்னர் டீசல் இயந்திரங்கள் நீராவி இயந்திரங்களின் இடத்தைப் பெற்றதால் இரயில்கள் நிற்கும் இடங்கள் குறைந்தன. சாலைகளும் மலிவான பழைய மோட்டார் வண்டிகளும் பருவகாலத் தொழிலாளரின் பயணத்தை மாற்றின. சரக்கு இரயிலில் ஏறுவோர் முற்றிலும் மறைந்துவிடவில்லை எனினும், அது ஒரு பெருந்தொழிலாளர் கூட்டத்தின் வழி என்னும் நிலை முடிவுற்றது. அயோவா மாநிலத்தின் பிரிட் என்னும் சிற்றூரில் நடைபெறும் ஹோபோ மாநாடு, இன்று அவ்வாழ்வை நினைவுகூரும் திருவிழாவாகவே விளங்குகிறது.

ஆனால், சட்டச் சிக்கல் முடிவுறவில்லை. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் உறங்குவோருக்குத் தண்டனை விதிக்கும் உள்ளாட்சி விதிகள் அரசியலமைப்பிற்கு முரணானவை அல்ல என உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. உறங்க இடமில்லாத நிலையைத் தண்டிப்பதா, உறங்கும் செயலைத் தண்டிப்பதா என்னும் வாதமே அவ்வழக்கின் மையமாக அமைந்தது. 1876ஆம் ஆண்டின் வினாவே வேறு வடிவில் திரும்பியுள்ளது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சரக்கு இரயில் பயணம் சாகச விருப்பத்தால் மட்டும் விளைந்ததன்று என்பதும், பருவகாலக் கூலியும், பொருளாதார வீழ்ச்சியும், இருப்பிட உரிமையை வேண்டிய உதவி முறையும் சேர்ந்து உருவாக்கிய வழி அது என்பதும் தெளிவாகின்றன.

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கும் ஒரு செய்தியை உணர்த்துகிறது. ‘ஹோபோ’ என்னும் சொல்லை ‘நாடோடி’ என மொழிபெயர்ப்பது வழக்கம். ஆயின், வழிவழியாக இடம்பெயர்ந்து வாழும் இனக்குழுவினரைச் சுட்டும் அச்சொல், வேலையிழந்து புறப்பட்ட தொழிலாளியின் நிலையை மறைத்துவிடுகிறது. ‘இடம்பெயர் கூலித் தொழிலாளர்’ என்பது அழகில் குறைந்ததாயினும் பொருளில் நேரானது. பிற தேசத்தவன் என்னும் பொருள் கொண்ட ‘பரதேசி’ என்னும் சொல், நம் வழக்கில் இரவலனைக் குறித்து, இறுதியில் வசைச்சொல்லாகவே இழிந்ததை நாம் அறிவோம். அயலானாக வந்தவன் எவ்வாறு இகழ்ச்சிக்கு உரியவன் ஆகிறான் என்பதற்கு அச்சொல்லின் வரலாறே சான்று. வகுப்பறையில் இத்தகைய சொற்களை விளக்கும்போது, அவை யாரால், யாரைக் குறித்து, எக்காலத்தில் வழங்கப்பட்டன என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நம் கடமையாகும்.