வக்கீலுக்குக் காசில்லை என்று வழக்கை விட்டுவிடாதீர்கள்

"வக்கீல் வைக்க நமக்கு ஏது காசு?" நம் கிராமங்களில் எத்தனையோ நியாயங்கள் இந்த ஒரு கேள்வியோடு மண்ணுக்குள் போய்விடுகின்றன. பட்டா மாறுதல் மனு தள்ளுபடியாகும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மாட்டார்கள். முதியோர் உதவித்தொகை திடீரென நின்றுபோகும். 'நம்ம தலையெழுத்து' என்று வீடு திரும்பிவிடுகிறோம். ஆனால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை.

1976-ல் அரசியலமைப்புச் சட்டத்தில் 39ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பணமில்லை என்ற காரணத்தால் எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். அதையொட்டி 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

வருமான வரம்பு கிடையாது

இந்தச் சட்டத்தின் 12-வது பிரிவை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கொத்தடிமை முறையில் சிக்கியவர்கள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், சாதி வன்கொடுமையாலும் இயற்கைப் பேரிடராலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள். வருமான வரம்பு இவர்களுக்குப் பொருந்தாது. சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும். வருமானச் சான்றிதழுக்காக அலைய வேண்டியதில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதிதான் அதன் தலைவர். தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப் பணிகள் குழுக்கள் உள்ளன. உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக் குழுக்கள் உண்டு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும்; அங்கிருப்பவர்கள் மனுவாக எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம்.

வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், ஆவண நகல், மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் இதில் அடங்கும். ஆணைக்குழு அமர்த்திய வழக்கறிஞர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால், ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உதவி மறுக்கப்பட்டால் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

புகாரை வாங்க மறுத்தால்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகார்களில், 'விசாரித்துவிட்டுப் பார்க்கலாம்' என்று சொல்லி மனு ரசீதோடு அனுப்பிவிடுவது பழைய வழக்கம். 2018-ல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. காவல் நிலையத்தில் மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அந்த மனுவைத் தயாரிக்கவே சட்ட உதவி வழக்கறிஞர் இருக்கிறார். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால், அவருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க 4-வது பிரிவு இடம் தருகிறது.

இந்த வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். எதிரி ஜாமீன் கேட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தந்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. இது கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. நமக்குத் தெரியாமல் ஜாமீன் கிடைத்திருந்தால், அதை எதிர்த்து மனுப் போடலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று ஊர்ப் பெரியவர்கள் நெருக்கலாம். சமரசத்துக்கு உட்படாத குற்ற வழக்குகளை மக்கள் நீதிமன்றத்தில்கூடப் பேசி முடிக்க முடியாது. வன்கொடுமை வழக்குகள் அப்படிப்பட்டவை. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

அலுவலக உத்தரவுகளையும் எதிர்க்கலாம்

சட்ட உதவி என்றால் நீதிமன்ற வழக்குக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அதிகாரிகள், தீர்ப்பாயங்கள் முன் நடக்கும் விசாரணைகளுக்கும், வெறும் ஆலோசனைக்கும்கூட அது உண்டு. பட்டா தொடர்பான வட்டாட்சியர் உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடமும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் முறையிடலாம்.

இதில் நாம் தோற்பது பெரும்பாலும் கெடு நாளில்தான். ஆகவே, 'கிடையாது' என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்து மூலம் உத்தரவு கேளுங்கள். அது கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்து, அந்த வாரமே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகலும் ஒப்புகைச் சீட்டும் வீட்டில் இருக்க வேண்டும்.

மாணவர்கள் கையில் இருக்கிறது

குடியிருப்பில் படித்த பிள்ளை ஒருவர் இருந்தால், நாலு வீட்டு மனு எழுதலாம். ஆணைக்குழுக்கள் பயிற்சி தந்து 'சட்டத் தன்னார்வலர்' என்று நியமிக்கின்றன, ஆர்வமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். பெரியவர்களை நீதிமன்ற வளாகம் வரை கூட்டிப்போய் வருவதே பெரிய உதவி. அந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான் பலர் தயங்குகிறார்கள்.

1927-ல் மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் தண்ணீர் எடுத்தார்கள். சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. பத்தாண்டு போராடி, குளத்தில் நமக்கும் உரிமை உண்டு என்ற தீர்ப்பு வந்தது. சட்டம் படித்த ஒருவர் அந்த மக்களோடு நின்றார். அவர்களும் பாதியில் வழக்கை விடவில்லை. இன்று வழக்கறிஞரைத் தரும் பொறுப்பைச் சட்டமே ஏற்றிருக்கிறது. அந்தக் கதவைத் தட்டுவது மட்டும்தான் நம் வேலை.