கூட்டினாலும் பெருக்கினாலும் பல்லுறுப்பியே

கல்முனையில் ஒருவர் 24 ஏக்கர் வயலை விட்டுவிட்டு மௌத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் இல்லை, கடனும் இல்லை. இஸ்லாமிய வாரிசு முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 ஏக்கர். மிச்சம் 21 ஏக்கரும் ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும். மகளின் பங்கைக் ‘க’ என்றால் மகனுக்கு 2க, சேர்த்து 3க. ஆகவே க = 7. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய அட்சரகணித நூலின் பெரும்பகுதி இத்தகைய வாரிசுக் கணக்குத்தான்.

அவருக்குத் தெரியாக் கணியமும் அதன் வர்க்கமுமே போதுமாயிருந்தன. சுமார் 200 ஆண்டுகள் கழித்து வந்த அல் கரஜி, க³, க⁴ என்று மேலே மேலே போகும் வலுக்களையும் எண்களைப் போலவே கையாளத் தொடங்கினார். க² + 5க + 6 போன்றதுதான் பல்லுறுப்பி: முடிவுள்ள சில உறுப்புகள், சுட்டிகள் 0, 1, 2 என முழு எண்கள், மறை எண்ணோ பின்னமோ சுட்டியில் வராது.

இரண்டு பல்லுறுப்பிகளைக் கூட்டினாலும் கழித்தாலும் பல்லுறுப்பியே கிடைக்கும். ஒத்த வலுக்களின் குணகங்கள் மட்டுமே மாறுகின்றன. பெருக்கும்போது சுட்டிகள் கூடுகின்றன: க² × க³ = க⁵. முழு எண்ணோடு முழு எண்ணைக் கூட்டினால் பின்னம் எங்கிருந்து வரும்? இதைத்தான் அடைவுப் பண்பு என்கிறார்கள். நிறைவெண்களுக்கும் இதே குணம் உண்டு.

இரண்டுக்கும் வகுத்தலில்தான் சிக்கல். 7 ÷ 2 நிறைவெண் அல்ல. (க + 1) ÷ க பல்லுறுப்பி அல்ல, 1/க வந்து நிற்கிறது. உயர்தர இணைந்த கணிதத்தில் மீதித் தேற்றம் என்று ஒன்று இருப்பதே இதனால்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு அல் சமவ்அல் அந்த மீதியோடு நிற்கவில்லை. பாக்தாத் யூதக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய இவர், ‘அல் பாஹிர்’ நூலை 19 வயதில் எழுதினார். குணகங்களை அட்டவணையில் அடுக்கி, 20க² + 30க என்பதை 6க² + 12 ஆல் வகுத்துக்கொண்டே போனார்: 3⅓ + 5/க − 6⅔/க² − 10/க³ + 13⅓/க⁴... முடிவதாயில்லை. ஆனால் ஓர் ஒழுங்கு தெரிந்தது: ஒவ்வொரு குணகமும் தனக்கு இரண்டிடம் முந்தியதன் −2 மடங்கு. பல்லுறுப்பிகளின் எல்லையைத் தாண்டிப்போன இந்த வகுத்தல்தான் என் கணிப்பில் அந்நூலின் மிகத் துணிச்சலான பக்கம்.

அடுத்த உறுப்பு 20/க⁵. தாளெடுத்துச் சரிபாருங்கள்.