கொல்லிமலை கேரவன் முகாம் பயணம்

கொல்லிமலை கேரவன் முகாம் பயணம் என்பது, தங்குவதற்கும் சமைப்பதற்கும் வசதி கொண்ட வண்டியில் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குச் சென்று ஓரிரு இரவுகள் முகாமிட்டுத் திரும்பும் சுற்றுலா முறையாகும். கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் திரைப்படப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டியே நினைவுக்கு வரும். சுற்றுலாவுக்கான கேரவன் அதைவிடச் சிறியது. வேன் அல்லது சிற்றுந்தின் உட்புறத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைப் பொருத்தி இது உருவாக்கப்படுகிறது. சமவெளியில் எளிதாக ஓடும் இவ்வண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஏறி இறங்க முன்கூட்டியே திட்டமிடுதல் தேவைப்படுகிறது.

பின்னணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வண்டியிலேயே தங்கித் தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். 1872ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட யெல்லோசுடோன் தேசியப் பூங்கா ஏறத்தாழ 8,900 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டது. அதனுள் வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென்றே முகாம் மைதானங்கள் உள்ளன. கரடிகள் நடமாடும் பகுதி என்பதால், அங்குள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிக் கூடாரங்களுக்கு இடமில்லை. கெட்டியான சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு.

இந்தியாவில் நிலைமை வேறு. தேசியப் பூங்காக்களும் காட்டுயிர்ச் சரணாலயங்களும் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளன. அவற்றுள் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி இரவு தங்க முடியாது. முதுமலை போன்ற இடங்களில் காட்டுக்குள் தங்க விரும்புவோர் வனத்துறையின் விடுதிகளில் அறை பதிவு செய்ய வேண்டும். எனவே இந்தியாவில் கேரவன் சுற்றுலா, காட்டுக்கு வெளியே உள்ள தனியார் தோட்டங்களையும் விடுதி வளாகங்களையும் சார்ந்தே வளர்ந்து வருகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022இல் வாகமண் மலைப்பகுதியில் தொடங்கப்பட்டது.

கொல்லிமலை தேசியப் பூங்கா அன்று. இங்கு காப்புக்காடுகளும், மலைவாழ் மக்களின் ஊர்களும் வயல்களும் தோட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எது காடு, எது பட்டா நிலம் என்பதை அறிந்துகொள்வதே இங்கு முகாமிடுவோரின் முதல் வேலையாகும்.

அமைவிடம்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையின் மேற்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது எனச் சங்க இலக்கியங்கள் வழி அறியப்படுகிறது.

கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் ‘நாடு’ என்ற பெயரையே கொண்டுள்ளன. திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு ஆகியவை அவற்றுள் சில. ஒரு நாடு என்பது பல சிற்றூர்களின் தொகுதி. ஆகவே ‘திண்ணனூர் நாட்டில் முகாம்’ என்று மட்டும் குறித்துக்கொண்டு புறப்பட்டால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். எந்தச் சிற்றூர், எந்தத் தோட்டம், அதுவரை வண்டி செல்லும் பாதை உண்டா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். செம்மேடு மலையின் முதன்மையான ஊர். அரசு அலுவலகங்களும் கடைகளும் பேருந்து நிலையமும் அங்கு உள்ளன.

பாதைகள்

மலைக்கு வண்டியில் ஏற இரு பாதைகள் பெரிதும் பயன்படுகின்றன.

1. காரவள்ளிப் பாதை: நாமக்கல், சேந்தமங்கலம் வழியாக அடிவாரத்திலுள்ள காரவள்ளியை அடைந்து, அங்கிருந்து சோளக்காட்டுக்கு ஏறுவது. புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவுகள் இப்பாதையில்தான் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும்.

2. முள்ளுக்குறிச்சிப் பாதை: சேலம், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை பக்கமிருந்து வருவோருக்கு ஏற்றது. இதில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் புளியஞ்சோலையிலிருந்து மலைமேல் செல்வது காட்டு வழியே ஆன நடைபாதை. அது வண்டிகளுக்கு உரியதன்று.

வண்டியின் அளவு

வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்வதில்லை. அவை வளைவின் உட்புறமாக வெட்டிச் செல்கின்றன. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட இந்த வெட்டும் கூடும். எடுத்துக்காட்டாக, முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது எனக் கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரின் பின்சக்கரம் ஏறத்தாழ 30 செ.மீ. உள்வாங்கும். 4 மீட்டர் உள்ள நீண்ட வேனின் பின்சக்கரம் ஏறத்தாழ 80 செ.மீ. உள்வாங்கும். நீண்ட வண்டி வளைவின் வெளிப்புறத்தை ஒட்டித் திரும்ப வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. அப்போது அது எதிரே வரும் வண்டிக்கான இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. எனவே கொல்லிமலைக்கு வேன் அளவிலான சிறிய கேரவனே ஏற்றது. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் இணைப்பு வண்டியைத் தவிர்ப்பது நல்லது.

சொந்த வேனைக் கேரவனாக மாற்ற விரும்புவோர், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒப்புதலின்றி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டிலும் சிக்கல் எழக்கூடும்.

எடையும் கவனத்திற்குரியது. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடை கொண்டது. பாதி நிரம்பிய தொட்டியில் நீர் இருபுறமும் அலைவதால் வளைவுகளில் வண்டி தள்ளாடும். கனமான பொருள்களைத் தரைமட்டத்திலும், இலேசானவற்றை மேல் அலமாரியிலும் வைத்துக் கட்டுதல் வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இரு வண்டிகள் கடக்க இடம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே இதன் காரணம். வளைவுக்கு முன் ஒலிப்பானை ஒலித்தல், வளைவில் முந்தாதிருத்தல், வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதிருத்தல் ஆகியவை இப்பாதையின் அடிப்படை ஒழுங்குகள்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. 3,500 கிலோ எடையுள்ள கேரவன் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கில் சேரும். பிரேக் மிகச் சூடாகும்போது அதன் பிடிமானம் குறைகிறது. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி உள்ளே போகுமேயன்றி வண்டி நிற்காது. ஆகவே தாழ்ந்த கியரில், எஞ்சினின் இழுவையைப் பயன்படுத்தி இறங்க வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்று கருதி நியூட்ரலில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. கருகிய வாடை வந்தால் அகலமான ஓரிடத்தில் நிறுத்தி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புறப்படுமுன் பிரேக் பட்டைகள், பிரேக் எண்ணெய், டயர்கள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதும், எரிபொருளைச் சமவெளியிலேயே நிரப்பிக்கொள்வதும் தேவை. மயக்கமும் குமட்டலும் ஏற்படக்கூடியவர்கள் வயிறு நிறைய உண்ணாமல், முன் இருக்கையில் அமர்ந்து தொலைவைப் பார்த்து வருவது நலம். இருட்டிய பின்னும் மூடுபனியிலும் இப்பாதையைத் தவிர்க்க வேண்டும். பிற்பகலுக்குள் மலைமேல் சேருமாறு நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது.

முகாமிடும் இடம்

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றமாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றிருந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. கோடையில் மலைச்சரிவின் காய்ந்த புல்லில் விழும் ஒரு தீப்பொறி எவ்வளவு விரைவில் மேல்நோக்கிப் பரவும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. முகாமில் திறந்த வெளியில் நெருப்பு மூட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எனவே பாதுகாப்பான வழி, வண்டி நிறுத்த இசைவு தரும் விடுதி வளாகத்தையோ தனியார் தோட்டத்தையோ முன்பதிவு செய்வதாகும். பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை:

- வண்டியின் நீளம், உயரம், எடைக்கு ஏற்ற வழி உண்டா?
- தரை சமமானதா? மழையில் சேறாகுமா?
- குடிநீர், கழிப்பறை, மின் இணைப்பு உண்டா?
- கழிவுநீரை எங்கே வெளியேற்றலாம்?
- அருகிலுள்ள மருத்துவ வசதி எது? கைப்பேசி இணைப்பு கிடைக்குமா?

ஓடைக்கரையிலும், மண் சரியக்கூடிய சரிவின் அடியிலும், பட்ட மரங்களின் கீழும் வண்டியை நிறுத்தக் கூடாது.

ஏற்ற காலம்

கொல்லிமலை தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை பெறுகிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் அருவிகளில் நீர் நிறைந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் குளிரும் பனியும் மிகுதி. கோடையில் பகல் இதமாக இருந்தாலும் அருவிகளில் நீர் குறையும், காட்டுத்தீ அச்சமும் கூடும். பலத்த மழை எச்சரிக்கை உள்ள நாள்களில் மண்சரிவு அபாயம் இருப்பதால் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

ஆடி மாதத்தில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவின்போதும் ஆடிப்பெருக்கின்போதும் மலையில் கூட்டம் மிகுதியாக இருக்கும். அந்நாள்களில் கேரவனை ஓட்டிச் செல்வதைவிட அரசுப் பேருந்தில் செல்வதே எளிது.

நீர், சமையல், கழிவு

ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் நீர் 96 பாகை செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரசர் குக்கர் இதற்குத் தீர்வாகும்.

குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டு வண்டிக்குள் அடுப்பையோ கரிச்சட்டியையோ எரிய விடக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வளிமத்துக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிருக்குக் கம்பளியே போதும்.

கழிப்பறைத் தொட்டியையும் பாத்திரம் கழுவிய நீரையும் ஓடையில் திறந்துவிடுவது பெருந்தீங்கு. மலைமேல் ஓடும் அய்யாறு, ஆகாய கங்கை அருவியாக ஏறத்தாழ 300 அடி வீழ்ந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. மேலே கலக்கும் சோப்பும் கழிவும் கீழே குளிப்பவரையும் நீர் அள்ளுபவரையும் சென்றடையும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. குப்பையைத் திரும்பக் கொண்டுவர இரண்டு சாக்குப்பைகளை எடுத்துச் செல்வது நல்லது. வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் தரக் கூடாது. தின்று பழகிய குரங்குகள் சாலையிலேயே காத்திருந்து அடிபடுகின்றன.

மலைவாழ் மக்கள்

கொல்லிமலையின் மக்களுள் பெரும்பான்மையினர் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர். இப்பெயருக்கு மலையில் வாழ்பவர் என்பது பொருள். கேரளத்தவரை இது குறிக்காது. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி ஆகியவை இங்கு விளைகின்றன.

வெறுமையாகத் தெரியும் நிலம் பெரும்பாலும் ஒருவரது வயலாகவோ களமாகவோ இருக்கும். மரங்கள் அடர்ந்த சோலை ஊரின் கோயில் காடாக இருக்கலாம். அங்கு செருப்புடன் நுழைவதும் கிளை ஒடிப்பதும் ஊராரின் நம்பிக்கைக்கு எதிரானவை. பெரியவர் ஒருவரிடம் “ஐயா, இங்க வண்டிய நிறுத்தலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு நிறுத்துவதே முறை. அரிசி, காய்கறி, பழம் ஆகியவற்றை உள்ளூர்க் கடைகளிலும் சந்தையிலும் வாங்கினால், வண்டியின் சுமை குறைவதோடு பயணத்தின் செலவில் ஒரு பங்கு மலை மக்களுக்கும் சேரும்.

இரு நாள் மாதிரித் திட்டம்

முதல் நாள் காலை அடிவாரத்தை அடைந்து, வண்டியைச் சற்று ஆறவிட்டு ஏறத் தொடங்கலாம். பிற்பகலில் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு, செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரி சிலையையும் அருகிலுள்ள காட்சி முனையையும் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் அதிகாலையில் பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலுக்குச் செல்லலாம். அதன் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு 1,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியவர் அத்தனையும் ஏறியாக வேண்டும் என்பதால் முதியோரும் இதய, மூட்டு நோயாளிகளும் கோயிலோடு நின்றுகொள்வது நலம். முகாமிலிருந்து இவ்விடங்களுக்குக் கேரவனை நகர்த்தாமல் பேருந்தையோ வாடகை வண்டியையோ பயன்படுத்தினால் குறுகிய சாலைகளில் நெரிசல் ஏற்படாது.

படியேறிய அலுப்புடன் அன்று மாலையே 70 வளைவுகளில் வண்டியை இறக்குவது சரியன்று. ஓட்டுநர் நன்கு உறங்கி, மூன்றாம் நாள் பனி விலகிய பின் இறங்கும் வகையில் திட்டத்தில் ஓர் இரவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.