சர்வீசில் விட்டுப்போகும் பிரேக் ஆயில்

2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு, நடுத்தர மளிகைக் கடைக்காரரும் சொந்த வண்டியில் சரக்கு ஏற்றும் நிலை வந்தது. வண்டியை சர்வீசுக்கு விட்டால் என்ஜின் ஆயில், ஃபில்டர் மாற்றி, தண்ணீர் அடித்துக் கழுவித் தருகிறார்கள். பில்லைப் பார்த்து நாமும் திருப்தி அடைந்துவிடுகிறோம். பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

2016-இல் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். மிளகும் ஏலக்காயும் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி போடிமெட்டு மலைச்சாலையில் இறங்கியது. பாதி இறங்குவதற்குள் பெடல் பஞ்சு போல அமுங்கி அடிவரை போய்விட்டது. டிரைவர் பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். ஒரு மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி நின்றது. தாயில்பட்டி வந்து வழக்கமான பட்டறையில் காட்டினால், ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். வேறொரு வயதான மெக்கானிக்தான் டப்பாவைத் திறந்து, கறுத்துக் கிடந்த ஆயிலைக் காட்டி, "மாத்தி எத்தனை வருஷமாச்சு முதலாளி?" என்று கேட்டார். ஐந்து வருடம். பழைய பில்களைப் புரட்டினோம். ஒன்றிலும் பிரேக் ஆயில் என்ற சொல்லே இல்லை.

காரணம் மளிகைக்காரருக்கு எளிதில் விளங்கும். ஐப்பசி மழையில் உப்பு மூட்டை கசிகிறதல்லவா, அதே குணம் பிரேக் ஆயிலுக்கும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவை 230, 155. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயிலுக்குள் ஆவி உண்டாகிறது. ஆயில் அமுங்காது; ஆவி அமுங்கும். மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் ஆவி அடங்கிவிடும். பட்டறையில் கோளாறு தெரியாததற்கு அதுவே காரணம்.

அளவு குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவது மாற்றியது ஆகாது. பிரேக் கட்டை தேய்ந்தாலும் அளவு இறங்கும், அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றிப் புதிது ஏற்றுவது நல்லது. டப்பா மூடியில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கும். அதையே, சீல் உடைக்காததாக வாங்க வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

கூலன்ட்டும் இப்படித்தான். நம் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் படிவம் கட்டி அடைக்கும். கூலன்ட்டில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்து நாளடைவில் தீர்ந்துபோகும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் மளிகைக்காரர்கள் மறக்கக் கூடாது. பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் விஷம், சுவையோ இனிப்பு. மீதத்தை சர்பத் பாட்டிலிலோ எண்ணெய் டின்னிலோ ஊற்றிக் கடைக்குள் வைக்க வேண்டாம்.

கியர் ஆயில், கிரவுன் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். இப்போது எங்கள் கடையில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், அதற்கு முந்தின நாளே பிரேக் ஆயில் மாற்றி, தேதியைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுகிறோம்.